தாவு தாவு என்றது

அன்பு மகன் செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. நலம்தான். முட்டிவலி முன்னே மாதிரி இல்லை, மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். போன புதன்கிழமை போனில், "இந்த வயசில் பிரெஞ்சு கத்துக்க டியூஷன் வாத்தியார் எதுக்கும்மா, போனிலேயே ஆப் இருக்கே" என்று கேட்டாய். பேரன் அகில் பக்கத்தில் இருந்ததால் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

உன்னிடம் சொல்லாமல் போன வருஷம் ஒரு பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தேன். 20 பேர், எல்லாரும் பரீட்சை எழுதிப் பாரிசுக்கோ கனடாவுக்கோ போகிற பிள்ளைகள். நூற்றுக்கு 50 எடுத்தால் பாஸ் என்று அதே பேச்சு. விமான நிலையத்தில் பெட்டி தொலைந்தால் என்ன கேட்பது என்று ஒரு வாரம் முழுக்க நடத்தினார்கள். எனக்கு எதற்கு அது? பேரனோடு பேசத்தானே எனக்குப் பிரெஞ்சு வேண்டும், அவன் பெட்டியைத் தொலைக்கவில்லையே. இரண்டு மாதத்தில் நின்றுவிட்டேன், கட்டின பணம் போனது போனதுதான்.

இப்போது வருகிற மதாம் கல்லூரியில் பிரெஞ்சு நடத்தி ஓய்வு பெற்றவர், நம் தையல் கடையில்தான் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பார். செவ்வாய், வெள்ளி, கடையில் ஆள் இல்லாத மூன்று மணிக்கு வந்து தையல் மெஷின் பக்கத்திலேயே உட்காருவார். ஒரு மணி நேரத்துக்கு 400 ரூபாய். முதல் நாள் புத்தகமே எடுக்கவில்லை. "யார்கூடப் பேசணும், அந்தப் பிள்ளை உங்ககிட்ட என்ன பேசுது, அதைக் கொண்டு வாங்க" என்றார். நீ அனுப்பிய வீடியோக்களைப் போட்டுக் காட்டினேன்.

அதில்தான் மாட்டிக்கொண்டேன். அகில் படத்தைத் தூக்கிக் காட்டி "தாவு? தாவு?" என்பானே, நான் ஒரு வருஷமாக "தாவாதேடா, விழுந்துடுவே" என்று கத்திக்கொண்டிருந்தேனே! மதாம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தியா?" என்றுதான் கேட்கிறானாம். புத்தகத்தில் "துய் ஆ வ்யூ" என்று மூன்று வார்த்தையாக இருக்கும், குழந்தைகள் அதைச் சுருக்கி "தா வ்யூ" என்றுதான் சொல்லும், எந்தப் பாடப்புத்தகமும் அதை முதல் மாதத்தில் சொல்லித் தராது என்றார். என் பேரன் ஒரு வருஷமாகப் பாத்தியா பாத்தியா என்று கேட்டிருக்கிறான். நான் ஒரு தடவைகூடப் பார்த்தேன் என்று சொல்லவில்லை. நீயும் பக்கத்தில்தானே இருந்தாய், சிரித்துவிட்டுப் போய்விட்டாய்.

அந்த "வ்யூ" எனக்கு வாயில் வரவே இல்லை. வூ என்றேன், வீ என்றேன். மதாம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "குண்டூசியை உதட்டில் கவ்விக்கிட்டுத்தானே தைக்கிறீங்க? அப்படியே உதட்டைக் குவிச்சு வெச்சுக்கிட்டு உள்ளே ஈ சொல்லுங்க" என்றார். வந்துவிட்டது. இதை உன் ஆப் சொல்லித் தருமா?

மூக்கால் பேசுகிற சத்தத்துக்கு நான் பயந்துகொண்டிருந்தேன். "மரம்னு எழுதுறோம், பேசும்போது கடைசியில் உதட்டை மூடி ம் சொல்றோமா?" என்று கேட்டார். சொல்லிப் பார்த்தேன், இல்லை, மூக்கிலேயே போய்விடுகிறது. "அந்தச் சத்தம்தான் பிரெஞ்சில போன் (bon)-னு எழுதுற வார்த்தையோட கடைசியில் இருக்கு" என்றார். நல்லது என்று அர்த்தமாம். நம் பொத்தான் அவர்களுக்கும் கிட்டத்தட்ட பொத்தான்தான், நமக்குத்தான் அது போர்த்துகீசியரிடமிருந்து வந்ததாம். பதிலுக்கு நம் வெட்டிவேரை அவர்கள் "வெத்திவேர்" என்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

எண்கள்தான் பெரிய வம்பு. எனக்கு அளவு எல்லாம் இஞ்சில். மதாம் டேப்பைத் திருப்பிப் போட்டு சென்டிமீட்டர் பக்கத்தைப் படிக்கச் சொன்னார். 36 இஞ்சு மார்பளவு, திருப்பினால் 91. அதை "நாலு இருபது பதினொன்று" என்று சொல்ல வேண்டுமாம்! 77 என்றால் "அறுபது பதினேழு". சுவிட்சர்லாந்துக்காரர்கள் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் தனியாக நல்ல வார்த்தை வைத்திருக்கிறார்களாம். நீ பிரான்சில் லியோனுக்குப் போனதற்குக் கொஞ்சம் தள்ளி ஜெனீவாவில் வேலை வாங்கியிருக்கக் கூடாதா? இப்போது வருகிற அளவு ஜாக்கெட்டையெல்லாம் பிரெஞ்சில் அளக்கிறேன். வாடிக்கைக்காரர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

மேசை பொம்பளை, புத்தகம் ஆம்பளை என்கிற கதை இன்னும் எனக்கு ஏறவில்லை. நமக்கு உயிரில்லாதது எல்லாம் அது, இது. மதாமும் அதை வற்புறுத்தவில்லை, "தப்பாச் சொன்னாலும் பேரனுக்குப் புரியும், அவனே திருத்துவான்" என்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், 61 வருஷமாக இந்தப் புதுச்சேரியில் இருக்கிறேன். 1954-லேயே பிரெஞ்சுக்காரர்கள் கையை விட்டு ஊர் வந்துவிட்டது, நான் பிறந்தது அதற்கப்புறம். ஆனாலும் தெருப் போர்டில் தமிழும் பிரெஞ்சும் இருக்கிறதே. துமாஸ் வீதி என்றே இத்தனை நாள் சொல்லியிருக்கிறேன். கடைசி எழுத்து வாயில் வராதாம், "துய்மா"வாம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா வீட்டு அம்மாக்கள் நம் கடைக்கு எத்தனை வருஷமாக வருகிறார்கள், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுத் தெரிந்துகொள்ளத் தோன்றவே இல்லை பார். நீ அங்கே போய், அங்கேயே பெண் எடுத்து, ஒரு பிள்ளையும் பிறந்து, அவன் பேசுவது புரியாமல் போன பிறகுதான் தோன்றுகிறது.

பரீட்சை எழுதுவாயா என்று கேட்டாய். மாட்டேன். மதாம் எனக்குப் போட்டுக் கொடுத்திருக்கிற பாடம் இவ்வளவுதான்: என்ன சாப்பிட்டாய், பள்ளிக்கூடத்தில் யாரோடு சண்டை, பல் விழுந்ததா, எங்கே வலிக்கிறது, கதை சொல்லட்டுமா. அவன் என்னை நீ என்று சொல்வது மரியாதைக் குறைவா என்றும் கேட்டுப் பார்த்தேன். "உங்க பிள்ளை உங்களை நீங்கன்னா கூப்பிடுறான்?" என்று திருப்பிக் கேட்டார்.

ஒரே ஒரு உதவி செய். அவன் பேசுவதை வாரம் ஒரு தடவை இரண்டு நிமிஷம் பதிவு செய்து அனுப்பு. நீ சொல்லிக் கொடுத்துப் பேச வைக்காதே, விளையாடும்போது தானாகப் பேசுவதே போதும். மதாம் அதை வைத்துத்தான் அடுத்த பாடம் தயார் செய்கிறார்.

வருகிற புதன்கிழமை மத்தியானம் அவனுக்குப் பள்ளி லீவுதானே. உங்களுக்கு இரண்டு மணி, எனக்கு ஐந்தரை, கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். போனை அவன் கையில் கொடுத்துவிட்டு நீ கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார். நான் திக்கினாலும் நடுவில் வந்து தமிழில் எடுத்துக் கொடுக்காதே. படத்தைக் காட்டி "தா வ்யூ?" என்பான். "வுய், ஜெ வ்யூ" என்று சொல்ல வேண்டும், குண்டூசி இல்லாமல்.

அன்புடன்,
அம்மா