லூடரிட்ஸ் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

லீவில் நமீபியத் தலைநகர் விண்ட்ஹோக்கிலிருந்து காரில் கடற்கரை ஊரான லூடரிட்ஸ் போகப்போவதாகச் சொன்னாய். போய் வா. ஆனால் ஆள் இல்லாமல் கைவிடப்பட்ட வைரச் சுரங்க ஊரான கோல்மன்ஸ்கோப்பில் மணல் புகுந்த வீடுகளை மட்டும் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதே. பக்கத்தில் தண்டவாளம் போகிறது, அதையும் பார். நீ தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன் மகள்.

நமீபியாவுக்கு ரயில் வந்ததே மாடு செத்ததால்தான். 1897இல் வெக்கை நோய் வந்து மாடுகள் கூட்டம் கூட்டமாக மாண்டன. கடற்கரையில் இறங்கிய சரக்கை உள்ளே இழுக்க வண்டிமாடு இல்லை. அப்போது நாட்டை ஆண்ட ஜெர்மானியர்கள் அவசர அவசரமாகக் கடற்கரை ஊரான ஸ்வாகோப்முண்டிலிருந்து பாதை போட ஆரம்பித்தார்கள். இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே அகலம் 600 மில்லிமீட்டர், இரண்டடிகூட இல்லை. பட்டாளத்துக்கென்று செய்த சரக்கு அது. தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு சிலிப்பரோடு துண்டு துண்டாக வரும், பூட்டிக்கொண்டே போகலாம். இஞ்சினும் வேடிக்கைதான். இரண்டு குட்டி இஞ்சின்களை முதுகோடு முதுகாக மாட்டி, நடுவில் நின்று ஓட்டுவார்கள். 382 கிலோமீட்டர் போட்டு 1902இல் விண்ட்ஹோக்கை எட்டினார்கள். அப்புறம் 1906இல் சூமெப் செப்புச் சுரங்கத்துக்கு ஒட்டாவி பாதை, 567 கிலோமீட்டர், அதே அகலம். அதில் ஒரு பகுதி 1960 வரை அப்படியே ஓடியது.

நீ பார்க்கப்போகும் லூடரிட்ஸ் பாதை மூன்றரை அடி அகலம். அதைப் போட்டவர்கள் கூலிக்கு வந்தவர்கள் இல்லை. ஜெர்மானியரை எதிர்த்த சண்டையில் பிடிபட்ட ஹெரேரோ, நாமா என்ற உள்ளூர் இனத்து மக்களை, பெண்களையும் சேர்த்து, லூடரிட்ஸில் இருக்கும் ஷார்க் தீவு முகாமில் அடைத்து வைத்திருந்தார்கள். அங்கிருந்தும் ஆட்களை வேலைக்கு ஓட்டி வந்தார்கள். 1906 ஜனவரியிலிருந்து ஒன்றரை வருடத்தில் இந்தப் பாதையில் வேலை செய்த கைதிகள் 2,014 பேர், செத்தவர்கள் 1,359. ஜெர்மன் அரசின் கணக்கே இது. தண்டவாள வேலையில் ஆள் சாவதை நானும் பார்த்திருக்கிறேன், ஆனால் இதை விபத்துக் கணக்கில் எழுத எனக்கு மனசு வராது.

பாதை போட்டாலும் மணல் விடவில்லை. தினமும் அள்ள வேண்டும். 1908இல் கிராஸ்பிளாட்ஸ் ஸ்டேஷன் பக்கம் அப்படி அள்ளும்போதுதான் ஸக்காரியாஸ் லெவாலா என்ற தொழிலாளி மண்வெட்டியில் ஒரு கல்லைப் பார்த்தார். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், வைரம் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ரயில்பாதை மேலாளர் ஆகஸ்ட் ஸ்டாவ்கிடம் கொடுத்தார். ஸ்டாவ்க் கோடீஸ்வரர் ஆனார். லெவாலாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்தப் பக்கமெல்லாம் இன்னும் தடை போட்ட வைரப் பகுதிதான், பெர்மிட் இல்லாமல் ரோட்டை விட்டு இறங்காதே. காலையிலேயே போய்விடு, மதியத்துக்கு மேல் காற்று எழும்பினால் கண் திறக்க முடியாது. வழியில் மணல் அள்ளும் கேங் நின்றால், இப்போது எதை வைத்து அள்ளுகிறார்கள் என்று கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா