ஏக்கருக்குத்தான் நிவாரணமா?

ஆசிரியருக்கு,

2020 ஏப்ரலில் கொரோனாவால் பள்ளிகளும் உணவகங்களும் மூடிக் கிடக்க, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில விவசாயிகள் கறந்த பாலைக் கீழே கொட்டினார்கள். அமெரிக்க அரசு நிவாரணம் கொடுத்தது சரிதான். ஆனால் அளந்த விதம்? நிவாரணத்தின் இரண்டாம் சுற்றில் மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்குக் குறைந்தது 15 டாலர் கொடுத்தார்கள். 100 ஏக்கர்காரர் கவுன்டி (மாவட்டம் போன்ற பிரிவு) அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்தால் குறைந்தது 1,500 டாலர். 2,000 ஏக்கர்காரருக்குக் குறைந்தது 30,000. உச்சவரம்பு தனிநபருக்கு 2,50,000 டாலராக இருந்ததாம். கம்பெனியாகப் பதிந்து, பங்குதாரர் மூவர் பண்ணையில் உழைத்தால் 7,50,000 வரை போக முடிந்தது! அப்புறம் எதற்கு வரம்பு? முதல் 100 ஏக்கருக்குக் கூடுதலாகவும் அதற்குமேல் குறைவாகவும் கொடுத்திருக்கலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்