ஆறாம் நாள் தலை எண்ணுவதற்கு முன்னால்

மதிப்பிற்குரிய கேரளக் கல்வி அதிகாரிகளுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். நடந்தே தமிழ்நாட்டுக்குப் போய் வந்துவிடலாம். நான் இரண்டு கறவை மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைப்பவள். என் மகள் வரும் ஜூனில் தமிழ் மீடியம் எட்டாம் வகுப்புக்குப் போகிறாள். நானும் பத்தாவது வரை தமிழில்தான், அரசுப் பள்ளியில்தான் படித்தேன். பள்ளி திறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. திறந்த பிறகு கேட்டால் எதுவும் நடக்காது என்பதைப் போன வருடம் பட்டுத் தெரிந்துகொண்டேன். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

போன ஜூன் முதல் நாளில் பள்ளி திறப்பு விழாவான பிரவேசனோற்சவம் நன்றாகவே நடந்தது. வாசலில் பலூன், குருத்தோலைத் தோரணம், புதுப் பிள்ளைகளுக்கு மிட்டாய். பாடப் புத்தகம் தமிழில் அச்சாகி, நேரத்துக்கு வந்து, கையில் கொடுத்தார்கள். அதற்காக உண்மையாகவே நன்றி சொல்கிறேன். ஆனால் கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆள் இல்லை. முன்பு இருந்த டீச்சர் சொந்த மாவட்டத்துக்கு மாறுதல் கிடைத்து மே மாதமே போய்விட்டார். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் அவர் போன இடத்துக்கு யார் வருவார் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை.

ஜூன் முழுவதும் கணக்குப் பீரியடில் வேறு வகுப்பு சார் யாராவது வந்து சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டார். சில நாள் அதுவும் இல்லை. என் மகள் தினமும் கரும்பலகையில் தேதியை எழுதி, அதன் கீழே 'கணக்கு' என்று எழுதிக் கோடு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வாளாம். ஒரு மாதம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். "டீச்சர் வந்தா நேரம் வீணாகக் கூடாதுன்னு எழுதி வைக்கிறேம்மா" என்றாள்.

ஓண விடுமுறைக்கு முன் வரும் முதல் பருவப் பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்பு தினக்கூலியில் ஒருவர் வந்தார். நல்ல பெண். பிள்ளைகள் மீது அன்பாக இருந்தார். ஆனால் மலையாளத்தில் மட்டுமே படித்தவர், தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்பட்டார். சித்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மலையாளம் புரியுமே, அப்புறம் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். புரியும். கடையில் பேசுவோம், பஸ்ஸில் பேசுவோம், நியூஸ் பார்ப்போம். ஆனால் பாடம் அப்படி இல்லை. சுற்றளவு, பரப்பளவு இரண்டு மொழியிலும் ஒன்றுதான், அந்த இரண்டு பாடமும் ஓடிவிட்டன. வகுத்தல் அங்கே ஹரணம். விகிதம் அங்கே அம்சபந்தம். ஒளிச்சேர்க்கை பிரகாச சம்ஸ்லேஷணம். டீச்சர் ஒன்று சொல்ல, புத்தகத்தில் வேறொன்று இருக்க, பரீட்சைத் தாள் புத்தகத்தின் சொல்லில் வர, பிள்ளை எதைப் பிடிப்பாள்? பத்தாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. கேள்வித்தாளைத் தமிழில் தருகிற அரசு, அந்தத் தமிழைச் சொல்லிக் கொடுக்கும் ஆளையும் தர வேண்டாமா? கர்நாடக எல்லையில் இருக்கும் காசர்கோட்டில் கன்னட மீடியம் வகுப்புகளுக்குக் கன்னடம் தெரியாதவர்களை அனுப்பியதற்கு எதிராகப் பெற்றோர் தெருவுக்கு வந்ததும் நீதிமன்றம் வரை போனதும் உங்களுக்குத் தெரியும். எங்கள் சங்கடமும் அதுவேதான். நாங்கள் சத்தம் குறைவாகப் போட்டோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று எனக்கு உண்டு. இந்த மடலை எழுத வைத்ததே அதுதான்.

பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளில் தலை எண்ணுகிறீர்கள். அன்று கணக்கில் இருக்கும் பிள்ளைகளை வைத்துத்தான் அந்த வருடத்துக்கு எத்தனை டிவிஷன் (வகுப்புப் பிரிவு), எத்தனை ஆசிரியர் போஸ்ட் என்று முடிவாகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், அதற்கு மேல் எட்டு வரை 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. ஆக, ஓரத்தில் நிற்கும் ஒரு வகுப்பில் இரண்டு பிள்ளை குறைந்தால் ஒரு போஸ்ட் போய்விடும். சரி, எண்ணித்தான் ஆக வேண்டும், அதில் தப்பில்லை. ஆனால் அந்த ஆறு நாளில் எங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

காலையில் பால் சொசைட்டியில் கேனோடு நிற்கும்போதுதான் அம்மாக்கள் எல்லோரும் பேசிக்கொள்வோம். "உங்க பையனுக்கு டீச்சர் வந்தாச்சா?" "இல்லைக்கா, நாலு நாளாச்சு." அங்கேயே முடிவாகிவிடும். பொள்ளாச்சிப் பக்கத்து இங்கிலீஷ் மீடியம் பள்ளி வேன் எல்லை தாண்டி வந்து காலையில் நிற்கிறது. கையில் கொஞ்சம் காசு புரட்ட முடிந்தவர்கள் டி.சி. வாங்கிவிடுகிறார்கள். சிலர் அதே பள்ளியில் மலையாள மீடியத்துக்கு மாற்றுகிறார்கள். ஆறாம் நாள் எண்ணும்போது தமிழ் மீடியத்தில் தலை குறைந்திருக்கிறது. பிள்ளை குறைந்ததால் போஸ்ட் குறைகிறது. போஸ்ட் குறைந்ததால் அடுத்த வருடம் இன்னும் பிள்ளை குறைகிறது. கடைசியில் 'தமிழ் மீடியத்தில் சேர ஆள் இல்லை' என்று எழுதி விடுகிறீர்கள். எங்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை, ஐயா. வெறும் நாற்காலியைக் காட்டி எந்தத் தாயிடம் பிள்ளையைச் சேர்க்கச் சொல்வீர்கள்?

இந்தக் காலியிடங்கள் திடீரென்று வருபவையும் அல்ல. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கும் ஆசிரியருக்கு ஓய்வு பெறும் 56 வயது எப்போது முடியும் என்பது அவர் வேலையில் சேர்ந்த அன்றே பதிவேட்டில் இருக்கிறது. மாறுதல் உத்தரவு போடுவதும் நீங்கள்தான். எந்தப் பள்ளியில், எந்தப் பாடத்துக்கு, எந்த மீடியத்தில் நாற்காலி காலியாகும் என்பதை மார்ச் மாதமே ஒரு தாளில் எழுதிவிடலாம். அதை ஆள் தேர்ந்தெடுக்கும் பி.எஸ்.சி.க்கு (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) சொல்லத் தாமதமானால் அறிவிப்பும் பரீட்சையும் ரேங்க் லிஸ்டும் எல்லாமே தள்ளிப் போகின்றன. தமிழ் மீடியத்துக்குத் தனியாக அறிவிப்பு வர வேண்டியிருப்பதால் எங்களுக்குக் காத்திருப்பு இன்னும் நீளம். எங்கள் தெருவிலேயே பி.எட். முடித்து, கேரள ஆசிரியர் தகுதித் தேர்வான கே-டெட் பாஸாகி, துணிக்கடையில் பில் போடும் பெண் இருக்கிறாள். இங்கே நாற்காலி காலி. அங்கே அவள்.

அதே கல்வி உரிமைச் சட்டத்தில் 26ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அனுமதித்த பணியிடங்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்கிறது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350ஏ சொல்கிறது. அது வந்ததே 1956இல், மாநிலங்களைப் பிரித்த அந்த வருடத்தில்தான். எங்களைப் போல எல்லையில் மாட்டிக்கொண்டவர்களை நினைத்துத்தான் எழுதியிருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். என் பாட்டி பிறந்தபோது சித்தூர் கொச்சி ராஜாவின் ஊர். 1949இல் திருவிதாங்கூர்–கொச்சி ஆனது, பிறகு கேரளம் ஆனது. எல்லாக் காலத்திலும் எங்கள் வீட்டுப் பேச்சு தமிழ்தான். மலையாளத்தின் மீது எங்களுக்கு ஒரு மனக்கசப்பும் இல்லை. என் மகள் மலையாளமும் படிக்கிறாள், படிக்கட்டும். கணக்கைத் தமிழில் கேட்கிறாள், அவ்வளவுதான்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. தமிழ் மீடியம் காலியிடப் பட்டியலை ஒவ்வொரு வருடமும் மார்ச் முடிவதற்குள் வெளியே போடுங்கள். நிரந்தர ஆள் வரத் தாமதமானால், தினக்கூலி நேர்முகத்தை மே மாதத்திலேயே முடித்துவிடுங்கள், முதல் மணி அடிக்கும்போது ஆள் வகுப்பில் இருக்கட்டும். நேர்முகத்தில் ஒரு தமிழ்ப் பாடப் புத்தகத்தைக் கையில் கொடுத்து ஐந்து நிமிடம் பாடம் நடத்தச் சொல்லுங்கள், போதும். மாறுதல் வாங்கியவரை, அடுத்தவர் வந்து சேரும் வரை விடுவிக்காதீர்கள். தினக்கூலி ஆசிரியருக்கு வேலை செய்த நாளுக்குத்தான் கூலி, விடுமுறைக்கு ஒன்றும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கூலியாவது மாதாமாதம் கிடைக்க வழி செய்யுங்கள். நடுவில் விட்டுப் போகிறவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எங்கே ஆறாம் நாள் வரை ஆசிரியர் வரவில்லையோ, அந்த வகுப்பின் தலையை அன்று எண்ணாதீர்கள். ஆசிரியர் வந்த பிறகு பத்து நாள் கழித்து எண்ணுங்கள். போன பிள்ளைகளில் பாதிப் பேர் திரும்பி வந்துவிடுவார்கள் என்று நான் சொல்கிறேன். சொசைட்டியில் நிற்கும் அத்தனை அம்மாக்களிடமும் நானே போய்ப் பேசுகிறேன்.

இந்தப் பக்கம் ஜூனில் மழை குறைவு, காற்றுதான் அதிகம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் தென்னை மட்டை விழும். பிள்ளைகளைத் தனியே அனுப்பப் பயமாக இருப்பதால் முதல் வாரம் நாங்கள் கூடவே பள்ளிக்கு நடந்து வருவோம். உங்களில் யாராவது அந்த வாரத்தில் வந்தால் வாசலில் எங்களைப் பார்க்கலாம். முன்கூட்டிச் சொன்னால் பெற்றோர்–ஆசிரியர் சங்கத்திலும் (பி.டி.ஏ.) சொல்லி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ் மீடியத்தில் படிக்கும் ஒரு பிள்ளையின் அம்மா,
சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்