பரணில் கிடக்கும் கிதாபுகள்

கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், தேவிபட்டினம் ஜமாஅத் பெரியவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நம் வீட்டுப் பரண்களில் கிடக்கும் பழைய அரபுத்தமிழ்க் கிதாபுகளை, அதாவது நூல்களை, காப்பாற்றுவது பற்றித்தான் இந்தக் கடிதம்.

ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளைப் பற்றி மேடை போட்டால் வள்ளல் சீதக்காதியில் தொடங்குகிறோம், கிழவன் சேதுபதியோடு அவருக்கிருந்த நட்பைச் சொல்கிறோம், ஏர்வாடி தர்காவுக்கு விட்ட மானியத்தோடு முடித்துக்கொள்கிறோம். சரி, பெருமைதான். ஆனால் அதெல்லாம் பழைய கணக்கு. 1803இல் கிழக்கிந்தியக் கும்பினி ராமநாதபுரத்தை ஜமீனாக்கிவிட்டது. சமஸ்தானம் என்ற பேர் நின்றது; கும்பினிக்குப் பேஷ்குஷ் என்ற வருடக் கப்பம் கட்டுவது அரண்மனையின் தலையில் விழுந்தது. அதற்கப்புறமும் கொடுத்த கை சும்மா இருக்கவில்லை, பாஸ்கர சேதுபதி கொடுத்துக் கொடுத்தே கடனாளியானவர். ஆனாலும் செப்பேடு எழுதிக் கிராமத்தையே விட்டுக்கொடுத்த காலம் போய்விட்டது.

நம் கடற்கரையில் ஓதல், அதாவது மார்க்கக் கல்வி, நன்றாகத் தழைத்ததும் அந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டில். கீழக்கரை தைக்கா சாகிபிடம் ஓத வந்தவர் 1816இல் பிறந்த செய்யிது முகம்மது ஆலிம். உஸ்தாதான தைக்கா சாகிபின் மகளையே கட்டியதால் 'மாப்பிள்ளை லெப்பை' ஆனார். கீழக்கரை அரூஸிய்யா மதரஸாவுக்கு உயிர் கொடுத்தவர் அவர். இலங்கைக்கும் நமக்கும் இடையே போய் வந்துகொண்டிருந்தார். சங்கு, முத்து, கொழும்பு வியாபாரம் என்றிருந்த குடும்பங்கள்தான் இந்த ஓதலுக்குப் பெரும் பக்கபலம். 1898இல் மாப்பிள்ளை லெப்பை மறைந்தார்.

அவர் எழுதியதில் கணிசமானது அரபுத்தமிழ். அரபியில் இல்லாத ட, ண, ழ போன்ற ஒலிகளுக்கு, இருக்கிற அரபி எழுத்திலேயே புள்ளியோ குறியோ சேர்த்துத் தமிழை எழுதுகிற முறை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத நம் உம்மம்மாமார், அதாவது பாட்டிமார், தொழுகைச் சட்டம் படித்தது இதில்தான். என் உம்மம்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அரபுத்தமிழ்க் கிதாபை மட்டும் கடகடவென்று வாசிப்பார்!

இப்போது கேட்க வந்தது இதுதான். ஒவ்வொரு பழைய வீட்டுப் பரணிலும் இரும்புப் பெட்டியிலும் இந்தக் கிதாபுகள் கிடக்கின்றன. உப்புக்காற்று பாதி, கரையான் மீதி. போன வருடம் எங்கள் வீட்டில் ஒரு கட்டைப் பிரித்தால் கையில் தூள்தான் வந்தது. யாரும் யாருக்கும் எதையும் தூக்கிக் கொடுக்க வேண்டாம். ஜும்ஆவில் ஒரு அறிவிப்பு செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதரஸா ஹாலைத் திறந்துவிடுங்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு, கிதாபை வீட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். வாசிக்கத் தெரிந்த வயசாளிப் பெண்கள் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நாற்காலி, ஒரு டீ. பையன்கள் பக்கத்தில் உட்கார்ந்து குரலைப் பதிவு செய்யட்டும்.

தேதி சொன்னால் போதும். கரையான் விட்டுவைத்த எங்கள் வீட்டுப் பெட்டியை முதல் ஆளாகக் கொண்டுவருகிறேன்.

கீழக்கரைக்காரன் ஒருவன்