இரண்டு ரோஸ்டர், ஒரே உடம்பு

விமானப் பராமரிப்பு ஹேங்கர்களை நடத்தும் மேலாளர்களுக்கும், சேமப்படைப் பிரிவுகளின் தளபதிகளுக்கும்

வணக்கம்.

உங்கள் இரு தரப்புக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். இதுவரை மேலாளரிடம் படையைப் பற்றியும், தளபதியிடம் ஹேங்கரைப் பற்றியும் தனித்தனியாகத்தான் பேசியிருக்கிறேன். இருவருமே பொறுமையாகக் கேட்டீர்கள். கேட்டு முடித்ததும், "அது அந்தப் பக்கத்து விஷயமாச்சே" என்று இருவருமே சொன்னீர்கள். அந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்கிற ஆள் நான்.

நான் ஏவியானிக்ஸ் மெக்கானிக். ரேடியோ, ரேடார், வழிகாட்டும் கருவிகள், விமானி பார்க்கும் திரைகள், இவற்றையெல்லாம் இணைக்கிற வயர்கள் என் வேலை. வார நாட்களில் பயணிகள் விமானம். படை அழைக்கும் வாரயிறுதிகளில் சீருடை மாட்டிக்கொண்டு ராணுவ விமானம். என்னைப் போன்றவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அமெரிக்கச் சேமப்படையில் மாதம் ஒரு வாரயிறுதி, ஆண்டுக்கு இரண்டு வாரம் என்பது பழைய கணக்கு. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 40 நாள் வரை கூப்பிடலாம். கணக்கு நாட்டுக்கு நாடு மாறும். ஞாயிறு இரவு வீடு திரும்பி, திங்கள் காலை ஸ்பேனரைக் கையில் எடுக்கிறவனின் நிலைமை எங்கேயும் ஒன்றுதான்.

நான் சொல்ல வந்தது இதுதான்: ஹேங்கர் என் வாரயிறுதியை ஓய்வு என்று கணக்கு வைத்திருக்கிறது. படை என் வார நாட்களைக் கணக்கிலேயே வைத்துக்கொள்வதில்லை. இரண்டு ரோஸ்டரையும், அதாவது யாருக்கு எப்போது வேலை என்ற அட்டவணைகளை, பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதுவரை யாரும் பார்த்ததில்லை. அப்படிப் பார்த்தால், பயிற்சி மாதத்தில் நான் பன்னிரண்டு நாள் தொடர்ந்து வேலை செய்வது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்கிறேன். மூக்குச் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற மின்னணு அறைக்குள் முதுகை வளைத்து உட்கார்ந்து, ரேடியோவுக்குப் போகும் கனெக்டர் ஒன்றை மாற்றிக்கொண்டிருந்தேன். வட்டக் கனெக்டர், 37 பின். பின் என்பது ஒவ்வொரு வயரின் முனையிலும் மாட்டுகிற உலோக ஊசி. ஒவ்வொரு வயராக எடுத்து, மேலுறையை உரித்து, பின்னுக்குள் செருகி, பின்னின் பக்கவாட்டில் ஊசிமுனை அளவுக்கு இருக்கும் துளையில் செம்பு இழை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால்தான் கிரிம்ப் செய்யலாம், அதாவது பின்னை வயரோடு நசுக்கி இறுக்கலாம். பிறகு அந்தப் பின்னைக் கனெக்டரின் பின்புறத்திலிருந்து பிளாஸ்டிக் கருவியால் தள்ள வேண்டும். உள்ளே போய் உட்காரும்போது 'டிக்' என்று ஒரு சின்ன ஓசை வரும். காதுக்குக் கேட்பதைவிட விரலுக்குத்தான் அது நன்றாகத் தெரியும். அதோடு முடியாது. வயரைப் பிடித்து லேசாக ஒரு இழு இழுத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் வெளியே வராமல் நின்றால்தான் அந்தப் பின் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இருபத்திரண்டாவது பின்னைத் தள்ளிய நேரத்தில் போன் அடித்தது. மறுநாள் காலை ஆஜராக வேண்டிய நேரத்தைப் படை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியிருந்தது. நான் ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டிப் போக வேண்டும். அடுத்த ஷிப்ட் ஆளிடம், "இருபத்திரண்டு வரைக்கும் முடிஞ்சது, மிச்சம் பதினஞ்சு" என்று சொல்லிவிட்டு, வேலை விவரம் பதியும் டாஸ்க் கார்டில் ஒரு வரி எழுதிவிட்டுக் கிளம்பினேன். இருபத்திரண்டாவதை இழுத்துப் பார்க்கவில்லை.

அவர் மிச்சத்தைச் சுத்தமாக முடித்தார். தரையில் சோதனை செய்தபோது எல்லாம் சரியாக வந்தது. சில நாட்களில் விமானிகள் குறை எழுத ஆரம்பித்தார்கள்: ரேடியோ விட்டுவிட்டு அறுந்துபோகிறது. தரைக்கு வந்து சோதித்தால் குறையே இல்லை. விமானம் அதிர்ந்தால் மட்டும் ஒரு பின் உள்ளே நழுவும், அதிர்வு நின்றால் மறுபடி தொடும். மூன்று வாரத்தில் ரேடியோவின் மின்னணுப் பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில்தான் கனெக்டரைக் கழற்றினோம். கண்ணாடி வைத்துப் பார்த்தபோது மற்ற பின்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் உள்வாங்கி நின்றது. நான் தள்ளியது. நல்லவேளையாக அந்த விமானத்தில் இன்னும் இரண்டு ரேடியோ இருந்தன. தப்பு என்னுடையது என்று அன்றே எழுதிக் கொடுத்தேன். அதில் எனக்குத் தயக்கம் இல்லை. அந்த போன் அழைப்பையும் ஐந்து மணி நேர வழியையும் எழுத அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

பாதி வேலையில் கை மாறுவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பது இந்தத் தொழிலில் யாருக்கும் புதிதில்லை. 1991 செப்டம்பர் 11 அன்று கான்டினென்டல் எக்ஸ்பிரஸின் 2574ஆம் விமானம் டெக்சஸ் மாநிலத்தில் ஈகிள் லேக் அருகே விழுந்து 14 பேரும் இறந்தார்கள். முந்தைய இரவு ஒரு ஷிப்ட் வால் இறக்கையின் முன்விளிம்பில் மேல்வரிசைத் திருகுகள் 47ஐக் கழற்றியிருந்தது. அது எழுத்தில் ஏறவில்லை. அடுத்த ஷிப்டுக்குத் தெரியவில்லை. திருகுகள் இல்லாமலே விமானம் பறக்கப் போனது. அந்த இரவில் எல்லோரும் வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள். நடுவில் அரை மணி நேரம் நின்று, எது முடிந்தது, எது பாதியில் இருக்கிறது என்று எழுதிப் பேசியிருந்தால் போதும். வெள்ளிக்கிழமைகளில் நான் கேட்பதும் அந்த அரை மணி நேரத்தைத்தான்.

வயர்தானே என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1998 செப்டம்பர் 2 அன்று ஸ்விஸ் ஏர் 111 கனடாவின் நோவா ஸ்கோஷியா கரையருகே கடலில் விழுந்தது. 229 பேரும் இறந்தார்கள். விமானி அறைக் கூரைக்கு மேலே வயரில் உண்டான மின்பொறி, பக்கத்தில் இருந்த வெப்பக்காப்பு உறையைப் பற்றவைத்திருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. நாங்கள் கையில் பிடித்திருப்பது பென்சில் முனை அளவுப் பொருள்தான். அதைப் பிடிக்கிற ஆள் நன்றாகத் தூங்கி எழுந்தவனாக இருக்க வேண்டும்.

தூக்கத்துக்கு வருகிறேன். பதினேழு மணி நேரம் விழித்திருக்கிறவனின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவனின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. இருபத்துநான்கு மணி நேரம் என்றால் ஏறக்குறைய 0.10. குடித்துவிட்டு வந்தால் என்னை ஹேங்கர் வாசலிலேயே நிறுத்துவீர்கள். நிறுத்தத்தான் வேண்டும். ஞாயிறு இரவு பத்து மணிக்குப் படைமுகாமிலிருந்து கிளம்பி, விடியற்காலை மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து, ஏழு மணி ஷிப்டுக்கு நிற்கிறவனிடம், "லீவு எப்படிப் போச்சு?" என்று சிரித்த முகத்தோடு கேட்கிறீர்கள்.

அப்படி ஒரு திங்கள்கிழமை ஒரே வரியை மூன்று முறை படித்துவிட்டு, கையெழுத்தை அடுத்த வரியின் கட்டத்தில் போட்டேன். செய்யாத வேலைக்கு என் பெயர். பக்கத்தில் இருந்த தோழர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என் விரலைப் பிடித்து அந்தக் கட்டத்தின் மேல் வைத்தார். அவர் அன்றைக்கு வேறு வேலையில் இருந்திருந்தால்?

அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளில் 121.377 என்று ஒன்று உண்டு. பராமரிப்பு ஆட்களுக்கு ஏழு நாளில் தொடர்ந்து 24 மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மாதத்துக்குள் அதற்கு ஈடாகக் கொடுக்க வேண்டும். நல்ல விதி. நிறுவனத்தின் வேலையிலிருந்து விடுவித்தாலே இந்த விதி நிறைவேறிவிடுகிறது. அந்த நேரத்தில் நான் வேறொரு விமானத்தின் வயிற்றுக்குள் படுத்துக்கொண்டு இதே வேலையைச் செய்தாலும் ஏட்டில் அது ஓய்வுதான்.

நீண்ட நாள் அழைப்பு வேறு வகைச் சிக்கல். படைப்பணிக்குப் போனவருக்கு வேலையைத் திருப்பித் தர அமெரிக்காவில் 1994 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. பொதுவாக மொத்தம் ஐந்து ஆண்டு வரையிலான படைப்பணிக்கு அது பாதுகாப்புத் தருகிறது. அந்த வகையில் நன்றியோடு இருக்கிறோம். வேலை திரும்பக் கிடைக்கிறது, கைப்பழக்கம் அதே நாளில் திரும்புவதில்லை. ராணுவ விமானங்களில் பரவலாக இருக்கும் 1553 டேட்டா பஸ் என்ற தகவல் பாதையில் கருவிகள் எல்லாம் ஒரே வயர்ஜோடியில் தொங்கும். கன்ட்ரோலர் கேட்டால்தான் மற்றவை வாய் திறக்கும். ஓரிடத்தில் இணைப்பு கெட்டால் சம்பந்தமே இல்லாத கருவியும் குழறலாம். பயணிகள் விமானத்தில் அதே வேலையைச் செய்கிற ஏரிங்க் 429 அப்படியில்லை: பேசுகிறவர் ஒருவர், கேட்பவர் இருபது பேர் வரை, போக்கு ஒரே திசை. இதில் குறை வந்தால் தேட ஆரம்பிக்கிற இடமே வேறு. எட்டு மாதம் ஒன்றில் ஊறிவிட்டு மற்றதற்கு வருகிறவன் முதல் வாரம் தப்பான இடத்தில் தேடுவான். நான் தேடியிருக்கிறேன்.

ஏட்டைப் பார்த்தால் அந்த வாரமும் எனக்கு முழுத் தகுதி உண்டு. 24 மாதத்தில் ஆறு மாத அனுபவம் இருந்தால் போதும் என்பதுதான் அமெரிக்க விதியும் ஐரோப்பிய விதியும். அதற்காக அந்த விதியை மாற்றச் சொல்லவில்லை. திரும்பி வந்த முதல் வாரம் எங்களை ஒரு துணையோடு வேலைக்கு விடுங்கள், தனியாகக் கையெழுத்துப் போட வைக்காதீர்கள். இது மேலாளர்களின் கையில் இருக்கிறது, யாருடைய அனுமதியும் தேவைப்படாது.

தளபதிகளே, நீங்கள் கற்றுக் கொடுத்ததை நான் மறக்கவில்லை. கருவிப்பெட்டியில் ஒவ்வொரு ஸ்க்ரூடிரைவருக்கும் அதன் வடிவத்திலேயே வெட்டிய பள்ளம் வைத்து, ஒன்று குறைந்தாலும் அது கிடைக்கிற வரை விமானத்தை அசைய விடாத கண்டிப்பு எனக்குப் படையில் பழகியது. அந்தப் பழக்கத்தை ஹேங்கருக்கும் கொண்டுவந்தேன், இன்று எங்கள் ஷிப்டில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு ஸ்க்ரூடிரைவருக்காக விமானத்தை நிறுத்துகிற நீங்கள், அதைப் பிடிக்கிற ஆள் கடைசியாக எப்போது தூங்கினான் என்றும் கேட்க வேண்டாமா? ஞாயிறு பயிற்சியை மதியத்தோடு முடித்தால் தொலைவிலிருந்து வருகிறவர்கள் இரவில் வீட்டில் படுப்பார்கள். இரவுதான் கிளம்ப முடியும் என்றால் முகாமிலேயே ஒரு கட்டில் கொடுங்கள், காலையில் போகட்டும். கடைசி நேரத்தில் ஆஜர் நேரத்தை மாற்றும்போது, எதிர்முனையில் ஒருவன் கையில் பின்னோடு நிற்கலாம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் நாங்களே வாய் திறந்து சொல்லலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். சொல்வதில்லை, காரணம் இருக்கிறது. "களைப்பாக இருக்கிறது" என்று ஒரு திங்கள்கிழமை சொன்னால், அடுத்த முறை ஆள் எடுக்கும்போது சேமப்படைக்காரன் வேண்டாம் என்று யாராவது முடிவு செய்துவிடுவார்களோ என்று பயம். சட்டம் அதைத் தடுத்தாலும் பயம் போவதில்லை. படையில் சொன்னால் பலவீனம் என்று பட்டம் வரும். எங்களுக்காக அந்த வாரயிறுதிகளில் கூடுதல் ஷிப்ட் பார்க்கிற தோழர்களின் முகமும் நினைவுக்கு வரும். அவர்கள் ஏற்கெனவே நிறையச் சுமந்துவிட்டார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டு இன்னொரு கப் காபி குடிக்கிறோம். ஓய்வைத் தனி ஆளின் வேண்டுகோளாக விட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். ரோஸ்டரில் தானாக வந்து விழ வேண்டும்.

அதற்கு ஒரு பொதுக் காலண்டர் போதும். படைப்பிரிவு ஆண்டுத் தொடக்கத்திலேயே பயிற்சித் தேதிகளை ஹேங்கருக்கு அனுப்பட்டும். ஹேங்கர் அந்த நாட்களை ஓய்வு என்று போடாமல் பணி என்றே போடட்டும். மிச்சத்தை ரோஸ்டர் போடுகிறவரே பார்த்துக்கொள்வார், அவருக்குக் கணக்கு தெரியும். இந்த இரண்டு கணக்கையும் ஒருவர் மாதம் ஒருமுறை சேர்த்துப் பார்த்தாலே போதும். ராணுவ ரகசியம் எதுவும் வெளியே போகாது. நான் எந்த விமானத்தில் வேலை செய்கிறேன் என்பது இந்த மடலில்கூட இல்லை.

என் அடுத்த பயிற்சி வரும் மாதம் இரண்டாவது வாரயிறுதி. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை எனக்கு நான்கு மணி நேரம் ஓவர்டைம் போட்டிருக்கிறது, திங்கள்கிழமை காலை ஏழு மணி ஷிப்ட். மேலாளரே, அந்த ஓவர்டைமை எடுத்துவிட்டு, திங்கள்கிழமையை மதிய ஷிப்டாக மாற்றிக் கொடுங்கள். தளபதியே, ஞாயிறு மதியம் என்னைக் கிளம்ப விடுங்கள். இருவரும் ஒருவருக்கொருவர் ஒரு முறை போன் பேசிக்கொள்ளுங்கள். இரண்டு எண்களையும் தனியாக அனுப்பி வைக்கிறேன்.

உங்கள் இருவரிடமும் வேலை செய்கிற,
ஏவியானிக்ஸ் மெக்கானிக் ஒருவன்