'கோர்ப்பவர்' அல்ல, கோப்பவர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழில் காலமானார் பகுதியில் என் அப்பாவைப் பற்றி நான்கு வரி வந்திருந்தது. வயது 84, ஓய்வுபெற்ற அச்சுக்கோர்ப்பவர், மனைவி, ஒரு மகன், ஒரு மகள், மூன்று பேரக்குழந்தைகள். எல்லாம் சரி, அந்த 'கோர்ப்பவர்' மட்டும் தப்பு. அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பியதில் 'கோப்பவர்' என்றுதான் இருந்தது, நானும் பார்த்துவிட்டுத்தான் அனுப்பச் சொன்னேன். யாரோ பிழை என்று நினைத்து ஒரு 'ர்' சேர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது. சண்டைக்கு எழுதவில்லை. அப்பா இருந்திருந்தால் இதற்குள் ஒரு ஐம்பது பைசா கார்டு உங்கள் மேஜைக்கு வந்திருக்கும். உங்களுக்கு மட்டும் அப்படி எத்தனை கார்டு போட்டிருப்பார் என்று கணக்கே கிடையாது. மாலை கோப்பது, ஊசியில் நூல் கோப்பது, எழுத்துக் கோப்பது எல்லாமே 'கோ'தானே, நடுவில் இந்த 'ர்' எங்கிருந்து வந்து உட்கார்ந்தது என்பது அவருடைய தீராத கேள்வி.

மதுரை வடக்கு ஆவணி மூல வீதிப் பக்கம் ஒரு சந்தில் இருந்த அச்சகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் அப்பா கம்பாசிட்டர், அதாவது அச்சுக்கோப்பவர். ஈய எழுத்தை ஸ்டிக் என்கிற கைச்சட்டத்தில் தலைகீழாக அடுக்க வேண்டும், அதுவும் கண்ணாடியில் தெரிவது மாதிரித் திரும்பிய எழுத்து. அந்தப் பழக்கத்தில் டீக்கடையில் எதிரே உட்கார்ந்திருப்பவர் மேஜையில் விரித்து வைத்திருக்கும் பேப்பரை இந்தப் பக்கமிருந்தே படித்துவிடுவார். காசு கொடுத்து வாங்குவதற்கு முன்பே உங்கள் பேப்பரில் பாதி முடிந்திருக்கும்.

தை பிறந்தால் கேஸில், அதாவது எழுத்து போட்டு வைக்கும் அறைப்பெட்டியில், முதலில் தீர்ந்துபோவது 'தி'யும் 'ரு'வும்தானாம். திருமணம், திருவளர்ச்செல்வன், திருநிறைச்செல்வி என்று ஒரே நாளில் நாலு கல்யாணப் பத்திரிகை வந்தால் எந்த அச்சகத்தில்தான் தாங்கும்? ஒன்றை ஓட்டி முடித்து, எழுத்தை மண்ணெண்ணெயில் கழுவி, பிரித்து மறுபடி அறை அறையாகப் போட்ட பிறகுதான் அடுத்தவர் வீட்டுக் கல்யாணம். ஆடியில் கை சும்மா இருக்கும். கருமாதிப் பத்திரிகைக்கு மட்டும் மாசம் கிடையாது. இரவு பத்து மணிக்கு ஆள் வந்து கூப்பிட்டாலும் சட்டையை மாட்டிக்கொண்டு போவார், மூன்று தடவை ப்ரூஃப் பார்ப்பார். படித்த கையோடு கிழித்துப் போடுகிற காகிதத்துக்கு எதற்கு இந்தப் பாடு என்று அம்மா கேட்பாள். செத்தவர் பேரில் பிழை இருந்தால் அந்த வீட்டில் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள் என்பார்.

1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். பெரியார் 1935இலேயே தன் பத்திரிகையில் ஆரம்பித்ததை, அவருடைய நூற்றாண்டில் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாகப் போட்டது. மாறியது பேருக்குத்தான் 13 எழுத்து, கம்பாசிட்டர் கணக்கில் ஏழுதான் என்பார். பழைய ணா, றா, னாவின் சுழி மூன்று, பழைய ணை, லை, ளை, னையின் முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி இருந்த வளைவு நான்கு. ணொ, றோ எல்லாம் இருக்கிற ணா, றாவுக்கு முன்னால் ஒரு கொம்பை வைத்துக் கோப்பதுதானே, அதற்குத் தனி அறை எதற்கு? இந்த விளக்கத்தை எங்கள் வீட்டில் கேட்காதவர் கிடையாது, என் கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி உட்பட.

அம்மா வீட்டில் ஜாக்கெட் தைப்பவள். நாற்பத்தைந்து வயதிலேயே அவளுக்குக் கண் நீர் அழுத்தம், பார்வை ஓரத்திலிருந்து குறைந்துகொண்டே வந்தது. மிஷின் ஓட்டக் கை பழகியிருந்தது, ஹெம்மிங்குக்கும் கொக்கி வைக்கவும் ஊசியில் நூல் கோக்கத்தான் முடியவில்லை. அப்பா தினமும் வேலைக்குப் போகும் முன் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு ஊசியில் நூல் கோத்து, பழைய தலையணை ஒன்றில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் போவார். இடது பக்கம் வெள்ளை, அப்புறம் சிவப்பு, அப்புறம் பச்சை, கடைசியில் கறுப்பு. கேஸில் எழுத்து இருக்கிற மாதிரி, பார்க்காமலே கை போக வேண்டும் என்று. அம்மா தையலை நிறுத்தும் வரைக்கும் இது ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அதைப் பாசம் கீசம் என்று யாராவது சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார்.

ஆஃப்செட்டும் கம்ப்யூட்டரும் வந்து அச்சகத்தை மூடினார்கள். எழுத்தெல்லாம் ஈய விலைக்குக் கிலோ கணக்கில் போனது. பணிக்கொடை என்று ஒன்று வர வேண்டியிருந்தது, வரவில்லை, அதை இங்கே ஆரம்பித்தால் கடிதம் முடியாது. அன்றைக்கு வேட்டி முடிச்சில் ஒரு கைப்பிடி எழுத்தை எடுத்து வந்தார். பிறகு பக்கத்துக்கு இவ்வளவு என்று வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்தினார், அண்ணனின் காலேஜ் ஃபீஸ் அப்படித்தான் கட்டப்பட்டது.

என் மகன் எழுதப் பழகியது அந்த ஈய எழுத்தில்தான். தாத்தா ஸ்டாம்ப் பேடில் ஒற்றிக் கொடுப்பார், இவன் பால் கணக்கு நோட்டில் குத்துவான், குத்தி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் விட மாட்டார். தும்பிக்கை வைத்த பழைய 'லை' ஒன்று அதில் இருந்தது. ஸ்கூலில் அதை அப்படியே எழுதி மிஸ்ஸிடம் திட்டு வாங்கி வந்தான். தாத்தாவுக்கு அன்று முழுக்கச் சிரிப்பு.

கடைசி ஏழெட்டு வருஷம் அம்மாவுக்குப் பேப்பர் முழுக்க வாசித்துக் காட்டியது அவர்தான். முதலில் காலமானார், அப்புறம்தான் மற்றச் செய்தி. பிழை வந்தால் திருத்தி வாசிப்பார், ஆனால் வாசித்த பிறகு 'இதில் ஒன்று திருத்தினேன்' என்று அம்மாவிடம் சொல்லிவிடுவார். அவர் பேர் வந்த அன்று நான்தான் வாசித்தேன். 'கோப்பவர்' என்றே வாசித்தேன். திருத்தினேன் என்று மட்டும் சொல்லவில்லை.

இந்தக் கடிதம் வந்தால் அதையும் நான்தான் வாசிக்க வேண்டியிருக்கும். தயவுசெய்து இந்தத் தடவை நடுவில் 'ர்' சேர்க்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை