காணொளிக்கு மட்டும் ஏன் கடிவாளம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தைப்பூசக் காவடி, தீமிதி என்று நம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரக் கோயில்கள் பலவும் விழாக்களை நேரலையில் காட்டுகின்றன. நடக்க முடியாத பெரியவர்கள் கைப்பேசியில்தான் தரிசனம் செய்கிறார்கள். அபிஷேக நேரத்தில் படம் மங்கி அம்மன் முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், முதல் திட்டு போனுக்கு, அடுத்தது டவருக்கு. ஆனால் சிக்னல் கோடுகள் நிறைந்திருக்க, ஸ்பீட் டெஸ்ட் 40 எம்பிபிஎஸ் (நொடிக்கு 40 மெகாபிட்) காட்ட, படம் மட்டும் 480பி என்ற குறைந்த தரத்தைத் தாண்ட மறுத்தால், மொபைல் கம்பெனி காணொளிக்கென்று தனி வேக வரம்பு போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வரம்பு போடுவது கடினமான வேலை இல்லை. யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் படங்கள் பூட்டிய பெட்டியாகத்தான் வருகின்றன. ஆனால் இணைப்பு தொடங்கும்போது எந்த சர்வரைத் தேடுகிறோம் என்ற பெயர் பெரும்பாலும் வெளியே தெரியும்படியே போகிறது. அந்தப் பெயரில் 'கூகுள்வீடியோ' என்றிருந்தால் கம்பெனியின் கருவி அந்த ஓட்டத்தை, உதாரணத்துக்கு, 1.5 எம்பிபிஎஸ் அளவில் பிடித்து நிறுத்தும். படம் ஓட்டும் ஆப் 'நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது' என்று எண்ணிக்கொண்டு தானே தரத்தை இறக்கிவிடும். ஸ்பீட் டெஸ்ட் வேறு சர்வரோடு பேசுவதால் அதில் இந்த வரம்பு தெரியாது. அமெரிக்காவில் டி-மொபைல் 2015 நவம்பரில் 'பிஞ்ச் ஆன்' என்ற பெயரில் செய்தது இதைத்தான். அங்கே வேண்டாதவர்கள் அதை அணைத்துக்கொள்ளவாவது வழி இருந்தது.

கம்பெனிக்கு என்ன லாபம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.5 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு மணி நேரப் படம் சுமார் 675 எம்பி. 5 எம்பிபிஎஸ் வேகத்தில் முழு எச்டி என்றால் 2.25 ஜிபி. ஒரே டவரில் மூன்று மடங்குக்கும் மேற்பட்டவர்களை உட்கார வைக்கலாம். கையகலத் திரையில் 480பி பெரிய குறையுமில்லை, டேட்டாவும் மிஞ்சும், அதை ஒத்துக்கொள்கிறேன். ஹாட்ஸ்பாட் போட்டு டிவியில் பார்க்கும்போதுதான் பல்லிளிக்கிறது. என் ஆட்சேபம், விற்கும்போது இதைச் சொல்லாமல் விடுவது பற்றி.

கம்பெனியைக் குறை சொல்லுமுன் மூன்று இடங்களைப் பார்த்துவிட வேண்டும். யூடியூப் அமைப்பில் காணொளித் தரம் என்ற பகுதியில் மொபைல் நெட்வொர்க்குக்கு 'டேட்டா சேவர்' தேர்வாகியிருக்கலாம். நெட்ஃபிளிக்ஸில் மொபைல் டேட்டா பயன்பாடு 'ஆட்டோமேட்டிக்' என்றிருந்தால் ஒரு ஜிபிக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஓடும் அளவுக்குத் தரத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மூன்றாவதைப் பலர் அறியார்: விலை குறைந்த போன்கள் சிலவற்றில் 'வைட்வைன் எல்3' என்ற பாதுகாப்பு நிலைதான் இருக்கும். அவற்றில் நெட்ஃபிளிக்ஸ் எச்டி வரவே வராது, எந்த சிம் போட்டாலும். இவை போக, இரவு 7 மணிக்கு மேல் டவர் நெரிசல் உண்டு. லோட் ஷெடிங் (முறைவைத்து மின்சாரம் நிறுத்தும்) நாட்களில் டவர் பேட்டரி இறங்கிப்போன கதையும் நமக்குப் புதிதல்ல. இவ்விரண்டிலும் எல்லாமே சேர்ந்து மெதுவாகும். காணொளி மட்டும் தனியாக மெதுவானால்தான் சந்தேகப்பட வேண்டும்.

சோதிக்கும் முறை இது. வைஃபையை அணைத்துவிட்டு, யூடியூபின் பொது அமைப்பில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதை இயக்கி, ஒரு படத்தை 1080பி-யில் (முழு எச்டி) வைத்து இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். திரையில் வரும் இணைப்பு வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உடனே ஜோகன்னஸ்பர்க் சர்வர் உள்ள விபிஎன் (எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதைக் கம்பெனியிடமிருந்து மறைக்கும் ஆப்) ஒன்றைப் போட்டு அதே படத்தை மீண்டும் ஓட்டுங்கள். தொலைதூர சர்வரைத் தேர்ந்தெடுத்தால் விபிஎன் தானே மெதுவாகிச் சோதனையைக் கெடுத்துவிடும். மாற்றி மாற்றி மூன்று முறையாவது செய்ய வேண்டும், ஒரு முறை வந்த எண்ணை நம்பக்கூடாது. விபிஎன் இல்லாமல் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணில் முட்டி நின்று, விபிஎன் போட்டதும் பாய்ந்தால் கடிவாளம் இருக்கிறது என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். நெட்ஃபிளிக்ஸுக்கு ஃபாஸ்ட் டாட் காம் என்ற வேகச் சோதனைத் தளம் போதும். அது நெட்ஃபிளிக்ஸ் சர்வரிலிருந்தே அளக்கிறது. நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் 'வீஹி' ஆப் இன்னும் நேர்த்தியானது. பதிவுசெய்த காணொளி ஓட்டத்தை ஒருமுறை அப்படியேயும், மறுமுறை அடையாளம் தெரியாதபடி மாற்றியும் அனுப்பி, இரண்டு வேகத்தையும் ஒப்பிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. வீடியோவுக்கென்று மலிவாக விற்கும் தனிப் பண்டிலில் (டேட்டா தொகுப்பில்) இருப்பவர்கள் விபிஎன் போட்டால், அது காணொளி என்று கம்பெனிக்குத் தெரியாது. செலவு சாதாரண டேட்டாவில் விழும். யூடியூப் பண்டிலை வாங்கிக்கொண்டு கோயிலின் ஃபேஸ்புக் நேரலையைப் பார்த்தாலும் இதே கதி.

சிறிய பண்டில் வாங்கும் ஏழைகளே ஒரு எம்பிக்கு அதிக விலை கொடுக்கிறார்கள் என்று, சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் நம் நாட்டுப் போட்டி ஆணையம் 2019 டிசம்பர் அறிக்கையில் கண்டித்தது. அதே ஆண்டு மார்ச் முதல், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான இகாசாவின் விதிப்படி டேட்டா 50, 80, 100 சதவீதம் தீரும்போது கம்பெனிகள் தகவல் அனுப்புகின்றன. அளவுக்கு அறிவிப்பு உண்டு. வேகத்தை இறக்கும்போதும் அப்படி ஒரு குறுஞ்செய்தி வர இகாசா வழிசெய்ய வேண்டும். பண்டிலை விற்கும் திரையிலேயே காணொளி வரம்பு எத்தனை எம்பிபிஎஸ், 'அன்கேப்டு' (அளவில்லாத டேட்டா) என்றால் எத்தனை ஜிபிக்குப் பிறகு எவ்வளவு வேகம் என்று எண்ணால் எழுத வேண்டும். இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரியிலேயே உள்ளடக்கத்தைப் பார்த்து விலையை மாற்றுவதைத் தடைசெய்தது. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும் எழுதி வைக்கவாவது சொல்லலாமே.

அதுவரை, சோதனை எண்களை நாள், நேரம், இடம் குறித்துத் திரைப்பிடிப்போடு கம்பெனிக்கு எழுத்தில் அனுப்பி, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 'நெட் ஸ்லோ' என்று போனில் சொன்னால் போனை அணைத்துப் போடச் சொல்வார்கள், அத்தோடு முடிந்தது. பதில் வராவிட்டால் அந்தப் புகார் எண்ணோடு இகாசாவிடம் போகலாம். நம் நாட்டின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 22ஆம் பிரிவில் புரியும் மொழியில் தகவல் பெறும் உரிமையைத் தருகிறது, 41ஆம் பிரிவில் திசைதிருப்பும் விளம்பரத்தைத் தடுக்கிறது. கடிதத்தில் இரண்டையும் எண்ணோடு குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்